கம்பெனிக்காரர் மூடிய குழாய்

எங்கள் வீட்டில் ரிப்பேர் வேலைக்கு யார் வந்தாலும் அவர்களை நான் முதலில் கொல்லைப்புறத்துக்குத்தான் அழைத்துப் போவேன். ஒழுகுவது மாடிக் குளியலறையாக இருந்தாலும் சரி, சுற்றாமல் நிற்பது கூடத்து மின்விசிறியாக இருந்தாலும் சரி. கொல்லையில் துவைகல்லுக்குப் பக்கத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு சாம்பல் நிறக் குழாய் நிற்கிறது. அது எதிலிருந்தும் வருவதில்லை, எதற்கும் போவதில்லை. வாயைத் திறந்துகொண்டு வானத்தைப் பார்த்தபடி நிற்கும். "இதை மட்டும் தொடாதீங்க. மத்தபடி வீட்டுல எதை வேணா உடைச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் வேலை நடக்கவேண்டிய இடத்தைக் காட்டுவேன்.

போன மாதம் ஒரு கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். இப்போதெல்லாம் போனில் விரலால் தட்டினால் போதும், சட்டைப் பையில் பெயர் தைத்த ஆள் வந்து நிற்கிறார். அவர் குழாயைச் சுற்றி வந்தார். எட்டி உள்ளே பார்த்தார்.

"எதுக்கு சார் இது?"

"வென்ட்டு."

"எதுக்கு வென்ட்டு?"

எனக்குப் பதில் தெரியும், ஆனால் சொல்ல வாய் வரவில்லை. மூடநம்பிக்கை ஒழிப்பு பற்றிப் பேசப் பள்ளிக்கூட ஆண்டுவிழாக்களுக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்த ஊரில் அதற்கு நான் ஒரு மலிவான, நம்பகமான ஏற்பாடு. சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவேன். இந்த மனிதர் படித்த பள்ளியிலேயே பேசியிருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆகவே, "அது எங்கப்பா காலத்து ஏற்பாடு" என்று சொல்லி மாடிக்கு அழைத்துப் போனேன். அவர் படியேறும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குழாயை அல்ல, என்னை.

அப்பா காலத்து ஏற்பாடு என்றது பொய்யில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். தஞ்சாவூரில் புது ஆற்றுக்கு அந்தப் பக்கம், வயலைத் திருத்தி மனை போட்ட தெரு ஒன்றில் எங்கள் வீடு. அப்பா உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். உலகத்தில் விளக்க முடியாதது என்று எதுவும் கிடையாது என்பது அவர் கட்சி. இடி இடித்தால் நாங்கள் பயந்து முடிப்பதற்குள் விளக்கம் வந்துவிடும். நாளடைவில் எங்களுக்கு இடியைவிட விளக்கத்தின் மேல்தான் பயம் அதிகமாயிற்று.

கொல்லையில் ஒரு கிணறு இருந்தது. கைப்பிடிச் சுவர் தாழ்வு. தங்கச்சி நடக்கப் பழகிய புதிதில் ஒருநாள் அந்தச் சுவரில் வயிற்றை வைத்துத் தொங்கிக்கொண்டு உள்ளே யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா ஓடிப்போய்க் காலைப் பிடித்து இழுத்தாள். மறுவாரமே அப்பா போர் போட்டு மோட்டார் வைத்துவிட்டார். கிணற்றைத் தூர்த்துவிடக் கொத்தனாரை வரச்சொன்னார்.

எங்கள் பக்கத்தில் கிணற்றைச் சும்மா தூர்த்துவிட மாட்டார்கள். நடுவில் ஒரு குழாயை நட்டு, சுற்றிலும் மண்ணைக் கொட்டி நிரவிவிட்டு, குழாயின் வாயை மட்டும் தரைக்கு மேலே திறந்து விட்டுவிடுவார்கள். கிணறு அது வழியாக மூச்சு விட்டுக்கொள்ளும். மூச்சை அடைத்தால் அந்த வீட்டுக்கு ஆகாது. கொத்தனார் இதை ஒரு விவாதமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. குழாய் எங்கே என்று கேட்டார். இல்லை என்றதும் மண்வெட்டியைச் சாத்திவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

"கெணத்துக்கு ஏதுங்க நுரையீரல்?" என்றார் அப்பா.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். கொழா வாங்கியாங்க."

அப்பா வாங்கி வந்தார். அம்மா குழாய்க்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். அப்பா சற்றுத் தள்ளி நின்று பேப்பர் படித்தார். கற்பூரம் அணைகிற வரையில் அவர் பக்கத்தைப் புரட்டவில்லை. அறிவியலுக்கு அன்று அது தோல்விதான். அதை அவர் மறக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

குழாய் என் நெஞ்சு உயரம். குனிந்து காதை அதன் வாயில் வைத்தால் உள்ளே மெல்லிய இரைச்சல் கேட்கும். ஆற்றில் தண்ணீர் விட்டால் சத்தம் கொஞ்சம் கூடும். அப்பாவிடம் கேட்டேன். ஆற்றில் நீர் ஓடினால் பூமிக்கடியில் நீர்மட்டம் ஏறும், அது மண்ணுக்குள் இருக்கும் காற்றைத் தள்ளும், தள்ளப்பட்ட காற்று குழாய் வழியே வெளியேறும் என்று படம் போட்டு விளக்கினார். எனக்கு ஐயமில்லாமல் புரிந்தது. கிணறு மூச்சு விடுகிறது.

அடைத்தால் ஆகாது என்றால் என்ன ஆகும் என்று அம்மாவிடம் கேட்டேன். "ஆகாதுன்னா ஆகாது" என்றாள். பக்கத்து வீட்டு அத்தை அவ்வளவு சிக்கனமானவள் இல்லை. சொந்தத்தில் அத்தை இல்லை, தெருவுக்கே அத்தை. கும்பகோணம் பக்கத்தில் ஒரு வீட்டில் குழாய் வைக்காமல் தூர்த்தார்களாம். அந்த வீட்டில் ஒரு ஆளுக்கு, நன்றாக இருந்த ஆளுக்கு, மூச்சு அடைத்துக்கொண்டதாம். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டால், "நீ போய்ப் படி" என்பாள்.

எங்கள் வீட்டில் யாருக்கு அடைக்கும் என்று நான் யோசிக்கவேண்டியிருக்கவில்லை. தங்கச்சிக்கு ஏற்கெனவே இழுப்பு. நாங்கள் இருவரும் ஒரே பாயில் படுப்போம். தூக்கத்தில் அவள் நெஞ்சுக்குள் யாரோ எண்ணெய் போடாத கதவைத் திறந்து திறந்து மூடுவது போலச் சத்தம் வரும். கதவு திறக்கிற வரையில் நான் காத்துக்கொண்டிருப்பேன். மூடும். மறுபடியும் காத்திருப்பேன். பகலில் அவளோடு சண்டை போடுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. விளக்கு அணைந்தபின் மட்டும் நான் அவளுக்குக் காவல்காரன்.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வந்த சமயத்தில் எங்கள் அறைச் சுவர் நனையத் தொடங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. சுவருக்குள் போகும் குழாய் எங்கோ விட்டிருந்தது. சுண்ணாம்பு உப்பி, பொரிந்து, பச்சை படர்ந்து, சுவரில் தெரியாத தேசம் ஒன்றின் வரைபடம் வந்தது. அந்தத் தேசம் வளர வளரத் தங்கச்சிக்கு இழுப்பும் வளர்ந்தது. டாக்டர், "மருந்து அப்புறம். முதல்ல அந்தச் செவுத்தைச் சரிபண்ணுங்க" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் தெருவுக்கு வழக்கமாக வருகிற குழாய்க்காரர் ஒருவர் உண்டு. கையை வீசிக்கொண்டு வருவார். வந்ததும் நம்மிடமே சுத்தியல் கேட்பார், ஸ்டூல் கேட்பார், பழைய துணி கேட்பார், கடைசியில் ஒழுகுகிற இடத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆளையும் கேட்பார். அந்த ஆள் அப்பா. "அவன் வந்தா நமக்குத்தான் வேலை" என்று அப்பா இந்த முறை கம்பெனிக்குப் போனார்.

கம்பெனி என்பது பல வருஷம் மஸ்கட்டில் இருந்துவிட்டுத் திரும்பிய ஒரு மனிதரும், இரண்டு ஆட்களும், ஒரு பழைய வேனும். பலகையில் பிளம்பிங், எலக்ட்ரிக்கல், பெயிண்டிங் என்று வரிசையாக எழுதி, கீழே 'வீட்டின் அனைத்துப் பிரச்சினைகளுக்கும்' என்று முடித்திருந்தார்கள். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "அனைத்துக்குமா? அப்ப உங்களையும் ஒருதடவ காட்டிட்டு வந்துடுங்களேன்" என்றாள்.

அவர் மஞ்சள் ஹெல்மெட்டோடு வந்தார். ஷூவோடு கூடத்துக்குள் வந்தார். அம்மா ஷூவையே பார்த்தாள். "சேஃப்டி ஷூ மேடம். மஸ்கட்ல இது இல்லாம உள்ள விடமாட்டான்" என்றார். மேடம் என்றதும் அம்மா பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு அவர் இடுப்பிலிருந்து ஒரு இரும்பு டேப்பை இழுத்துச் சுவரை அளந்தார். பொத்தானை அழுத்தினார். டேப் சரசரவென்று தானே சுருண்டு உள்ளே போயிற்று. அந்த வேகத்தில் அப்பா விழுந்துவிட்டார். அதன்பிறகு அவர் சொன்ன எதற்கும் அப்பா மறுப்புச் சொல்லவில்லை.

வேலை நன்றாகத்தான் நடந்தது, அதையும் சொல்லவேண்டும். சுவரை உடைத்தார்கள். துருப்பிடித்த குழாயை ஏதோ எலும்பை எடுப்பது போல எடுத்தார்கள். புதுக் குழாய் வைத்துப் பூசினார்கள், மேலே பெயிண்டும் அடித்தார்கள். வீடு முழுக்கச் சிமெண்டுப் புழுதி. அம்மா தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வாசல் அறையிலேயே இருந்தாள். நான் உடைந்த சுவரின் பள்ளத்தைப் பார்க்கப் பயந்தும், பார்க்காமல் இருக்க முடியாமலும் கம்பெனிக்காரர் பின்னாலேயே அலைந்தேன்.

கடைசி நாள் மத்தியானம் அவர், "இனி ஃபினிஷிங்" என்றார். அந்தச் சொல்லை அவர் சொல்லும்போது குரலில் ஒரு பக்தி வரும். வீட்டைச் சுற்றி நடந்தார். தளர்ந்த ஆணியை இறுக்கினார், தொங்கிய ஒயரைக் கட்டினார். கேட்காத வேலையெல்லாம் செய்தார். கொல்லைக்கு வந்தவர் குழாயைப் பார்த்ததும் நின்றார். மஞ்சளும் குங்குமமும் எப்போதோ மழையில் போயிருந்தன.

பைக்குள்ளிருந்து ஒரு மூடியை எடுத்தார். குழாயின் வாயைத் துணியால் துடைத்தார். பைப் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாவைத் திறந்து பிரஷ்ஷால் விளிம்பைச் சுற்றித் தடவினார். என்ன செய்யப்போகிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அண்ணே, அது கெணறு" என்றேன்.

அவர் சுற்றிலும் பார்த்தார். துவைகல் இருந்தது, கறிவேப்பிலைச் செடி இருந்தது, கொடியில் என் கால்சட்டை இருந்தது.

"எங்கடா தம்பி கெணறு?"

"கீழ."

"கீழ தண்ணி எல்லா ஊர்லயும்தான் இருக்கு" என்று சிரித்தபடி மூடியை வைத்து ஒரு திருகு திருகி அழுத்தினார். "தவள போவும், பாம்பு போவும். மஸ்கட்ல ஒரு பைப்பு சும்மா நிக்காது தெரியுமா? இது கம்பெனி சார்பா நம்ம அன்பளிப்பு."

நான் ஓடினேன். அம்மாவிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. இடுப்பில் தங்கச்சியோடு அவள் கொல்லைக்கு வந்த வேகம் மட்டும் நினைவிருக்கிறது. வெளியாளிடம் அம்மா குரல் உயர்த்தி நான் அதுவரை கேட்டதில்லை.

"யாரைக் கேட்டுங்க அதை மூடினீங்க? கெணத்துக் கொழாங்க அது. கொழந்த இருக்கற வீடு."

கம்பெனிக்காரர் முகத்தில் மஸ்கட் ஒரு நொடியில் காணாமல் போயிற்று. ஹெல்மெட்டைக் கழற்றினார். ஒரத்தநாட்டுப் பக்கத்து ஆள்தானே அவரும். "ஐயய்யோ, கெணத்துக் கொழாயாக்கா? பழைய டிரெயினேஜ்னுல்ல நெனச்சேன்" என்றார். மேடம் அக்காவாகிவிட்டாள். மூடியை இரண்டு கையாலும் பிடித்துத் திருகிப் பார்த்தார். அசையவில்லை. சொல்யூஷன் பிடித்துவிட்டால் அவ்வளவுதான், இனி அறுத்துத்தான் எடுக்கவேண்டும் என்றார். ஆக்ஸா பிளேடை எடுத்து வந்து குழாயின் கழுத்தில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தார்.

விஷயத்தைக் கேட்டார். குழாயைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்ததை நான் பார்த்தேன். கொத்தனாரிடம் இழந்த இடம் தானாகத் திரும்பக் கிடைத்திருக்கிறது. அதை எப்படித் திருப்பிக் கொடுப்பார்?

"எதுக்கு அறுக்கணும்? நல்லாத்தானே இருக்கு. கொசுவும் வராது."

"ஏங்க" என்றாள் அம்மா.

"மண்ணுக்கு மூச்சு கிடையாது. இதை நான் வகுப்புல சொல்றேன், வீட்டுல சொல்லக்கூடாதா?"

"உங்க வகுப்புல யாருக்கும் இழுப்பு இல்ல."

அப்பா கம்பெனிக்காரரைப் பார்த்து, "நீங்க கெளம்புங்க" என்றார். அவர் கையில் ஆக்ஸாவோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அதைத் துவைகல்மேல் மெதுவாக வைத்தார். "இது இங்கயே இருக்கட்டும் சார். நாளக்கி வந்து எடுத்துக்கறேன். வேன்ல எடம் இல்ல" என்றார். வேனில் ஒரு கட்டிலே போகும். எனக்கே அது தெரிந்தது.

சாயங்காலமே தங்கச்சியின் நெஞ்சுக்குள் அந்தக் கதவு சத்தம் போடத் தொடங்கியது. பகலிலேயே அது கேட்டு எனக்குப் பழக்கமில்லை. சிமெண்டுப் புழுதியும் பெயிண்டு வாசனையும் அடைத்த வீட்டில் இழுப்புக்காரக் குழந்தைக்கு என்ன ஆகும் என்று இன்றைக்கு என்னால் படம் போட்டு விளக்க முடியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான், அது கொல்லையில் நின்றது.

என் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து கவராயத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஆக்ஸாவைத் தொடப் பயம். பெரியவர்கள் சண்டை அதில் ஒட்டியிருந்தது. கவராயத்தின் முள்ளை மூடியில் வைத்துத் திருகினேன். கம்பெனி மூடி. கீறல் விழுந்தது, ஓட்டை விழவில்லை. அழுத்தித் திருகினதில் முள் வளைந்து ஒடிந்தது. காதை வைத்துக் கேட்டேன். இரைச்சல் இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லை. கிணறு மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள்ளே தங்கச்சி இருமினாள்.

குழாயின் பக்கத்தில் வாயை வைத்து, "கொஞ்சம் பொறுத்துக்க" என்றேன். "நாளைக்குத் தெறந்துடுவாங்க."

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தங்கச்சியால் பேச முடியவில்லை. உட்கார்ந்த மேனிக்குத் தோளைத் தூக்கித் தூக்கி இழுத்தாள். கழுத்துக் குழியில் ஒரு பள்ளம் விழுந்து விழுந்து எழுந்தது. உதட்டின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். வழக்கமாக என்னைப் பார்த்தால் நாக்கைத் துருத்துவாள். அதற்கும் அவளிடம் மூச்சு இல்லை.

அப்பா ஓடிப்போய் ஆட்டோ கொண்டுவந்தார். அம்மா குழந்தையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு ஏறினாள். அவள் குழாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பாவை ஒரு பார்வை பார்க்கவும் இல்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும். சொல்லிக்காட்டுகிற அளவில் எதுவும் இல்லை, எல்லாம் அதைத் தாண்டிப் போய்விட்டது என்று அந்த மௌனம் சொன்னது. ஆட்டோ பெரியாஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது. என்னைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் விட்டுப்போனார்கள்.

அத்தை எனக்குச் சோறு போட்டாள். "அத்த, அந்தக் கும்பகோணத்து வீட்டுல..." என்று ஆரம்பித்தேன். அத்தை சட்டென்று, "அது வேற ஊரு, வேற கெணறு. நீ சாப்புடு" என்றாள். பிறகு ரசத்தை இலையில் ஊற்றாமல் தரையில் ஊற்றினாள். எப்போதும் கதை சொல்கிறவள் கதை சொல்ல மறுத்தது அன்றைய பயங்களில் ஒன்று. படுத்தபிறகு ஒரு யோசனை செய்தேன். நான் மூச்சைக் குறைவாக விட்டால் மீதி தங்கச்சிக்குப் போகும். முடிந்தவரை அடக்கிப் பார்த்தேன். தாங்காமல் விட்டபோது அவளுடையதைத் திருடிவிட்டது போல இருந்தது. எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

விடிந்ததும் முகம் கழுவ அத்தை வீட்டுக் கொல்லைக்குப் போனேன். எங்கள் கொல்லைக்கும் அவர்கள் கொல்லைக்கும் நடுவில் ஒரு மதில். அந்தப் பக்கமிருந்து கர், கர் என்று சத்தம் வந்தது. சற்று நிற்கும், மறுபடி வரும். வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறிப் பார்த்தேன்.

அப்பா. முந்தின நாள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டை, கசங்கி வெளியே தொங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். இடது கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அறுத்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் சாக்பீஸைவிடக் கனமான ஆயுதத்தைப் பிடித்தறியாதவர். பிளேடு ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போயிற்று. அவர் தனியாக இருந்தார். அம்மாவைக் காணோம், தங்கச்சியைக் காணோம். வீடு பூட்டியிருந்தது.

கிணற்றைப் பார்த்து நான் நிறையப் பயந்திருக்கிறேன். ஆனால் அந்த மதிலோரத்தில் எனக்கு வந்த பயம் வேறு வகை. அதுவரை எனக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. அம்மா நம்புகிறாள், அத்தை நம்புகிறாள், நான் நம்புகிறேன், ஆனால் அப்பா நம்பவில்லை. எங்கள் எல்லோருடைய பயத்துக்கும் அந்தப் பக்கத்தில் நம்பாத ஒரு ஆள் பேப்பரோடு நின்றுகொண்டிருந்தார். உலகத்தில் எங்கோ ஒரு மூலையிலாவது அது பொய்யாக இருக்கலாம் என்பதற்கு அவர்தான் உத்தரவாதம். இப்போது அவரே அறுக்கிறார் என்றால் எல்லாம் உண்மை. அவரையே அறுக்க வைக்கிற அளவுக்கு ஆஸ்பத்திரியில் ஏதோ நடந்திருக்கிறது. அப்பா என்று கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டால் திரும்புவார், திரும்பினால் சொல்லிவிடுவார். கூப்பிடவில்லை.

மூடி கழன்று விழுந்து துவைகல்லில் பட்டு உருண்டது. அப்பா ஆக்ஸாவைக் கீழே வைத்தார். பிறகு குனிந்து, நான் செய்வது போலவே, தலையைச் சாய்த்துக் குழாயின் வாயில் வைத்தார். உள்ளே கேட்கிறார் என்று நினைத்தேன். வெகுநேரம் அப்படியே இருந்தார். தோள்கள் ஆடின. அறுத்த களைப்பு. பழக்கமில்லாத வேலை அல்லவா?

நான் இறங்கி, கூடத்துக்குப் போய், நிலைக்கதவின் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

சற்று நேரத்தில் அப்பா அத்தை வீட்டு வாசலுக்கு வந்தார். முகம் கழுவியிருந்தார், தலை வாரியிருந்தார், சட்டையை உள்ளே விட்டிருந்தார். "ஃபிளாஸ்க் எடுக்க வந்தேன்" என்றார் அத்தையிடம். "பாப்பாவுக்குப் பரவாயில்லிங்க. ஆக்ஸிஜன் வச்சாங்க, ஊசி போட்டாங்க. இப்ப நல்லாத் தூங்குறா." பிறகு கதவின் பின்னால் பார்த்து, "நீ ஏன்டா இங்க உக்காந்திருக்க?" என்றார். அவர் முழங்கைவரை சாம்பல் நிறத் தூள் ஒட்டியிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கிணறு மூச்சு விட்டது, தங்கச்சியும் விட்டாள். இதில் கேட்க என்ன இருக்கிறது?

தங்கச்சி வீடு திரும்பிய அன்று கம்பெனிக்காரர் ஆக்ஸாவை எடுத்துப்போக வந்தார். ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். கொல்லைக்குப் போனவர் குழாயின் வாயைப் பார்த்துத் தாங்க முடியாமல், "யாரு சார் இப்புடி அறுத்தது? எலி கடிச்ச மாதிரி?" என்றார்.

அப்பா பேப்பரை இறக்காமல், "பையன்" என்றார்.

கம்பெனிக்காரர் கீழே கிடந்த மூடியை எடுத்துப் பார்த்தார். மேலே என் கவராயக் கீறல்கள். சாட்சி பலமாக இருந்தது. என்னை ஒரு மரியாதையோடு பார்த்தார். "பெரியவனானா நம்ம கம்பெனிக்கு வந்துடு தம்பி. ஃபினிஷிங் மட்டும் கத்துக்கிட்டாப் போதும்" என்றார். அடுப்பங்கரையில் அம்மாவுக்கு எதற்கோ புரையேறியது.

"ரெண்டு இஞ்சு நேரா அறுத்து விட்டுடட்டுமா சார்? பாக்க நல்லாருக்கும்."

"வேணாம்" என்றார் அப்பா. "இருக்கட்டும்."

அதற்குப் பிறகும் அவர் வகுப்பில் மண்ணுக்கு மூச்சு கிடையாது என்றுதான் சொல்லிக்கொடுத்தார். நானே அந்த வகுப்பில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். அவர் சொன்னது சரி என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. எந்த மேடையிலும் சொல்லுவேன். தங்கச்சி இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். போனில் பேச ஆரம்பித்தால் மூச்சு விடுவதற்குக்கூட நிறுத்தமாட்டாள். பதில் சொல்ல இடம் கிடைக்காமல் நான்தான் திணறுவேன்.

அப்பா போன பிறகு ஒருநாள் அம்மா பழைய கதை பேசிக்கொண்டிருந்தபோது தற்செயலாகச் சொன்னாள். அன்று விடியற்காலையிலேயே தங்கச்சிக்கு இழுப்பு அடங்கிவிட்டதாம். அப்பா ஃபிளாஸ்க் எடுக்கக் கிளம்பும்போது அவள் எழுந்து உட்கார்ந்து பன் வேண்டும் என்று அடம்பிடித்தாளாம். டாக்டரும் வந்து பார்த்து இனிப் பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் அப்பா கிளம்பினாராம்.

அறுக்கவேண்டிய அவசியமே இல்லாமல்தான் அறுத்திருக்கிறார்.

போன மாதம் வந்தவர் மாடி வேலையை முடித்துவிட்டுப் போகும்போது மறுபடியும் கொல்லையில் நின்றார். "ஒரு மூடி வேணா போட்டு விட்டுடட்டுமா சார்? சும்மாதான தெறந்து கெடக்கு" என்றார். வேண்டாம் என்றேன். அவர் போனபிறகு அந்தக் கோணல் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அறுப்பது நின்று, ஆக்ஸா கீழே கிடந்து, மூடியும் உருண்டு ஓய்ந்த பிறகு, அந்தத் தோள்கள் எதற்கு ஆடிக்கொண்டிருந்தன என்று மதிலோரம் வாளிமேல் நின்றவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. கிணற்றின் மூச்சு அவருக்கும் கேட்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.